இரு குச்சிகள் சொன்ன வரலாறு

வரலாறு எங்கே இருக்கிறது என்று உங்களை ஒருவர் வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? கல்வெட்டில் இருக்கிறது, செப்பேட்டில் இருக்கிறது, பழைய நாணயத்தில் இருக்கிறது, ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்பீர்கள். 32 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று நானும் அவ்வாறே கற்பித்தேன். அது தவறான விடை அன்று. ஆயினும் குறையுடைய விடை. அக்குறையை எனக்கு உணர்த்தியவை இரண்டு மரக்குச்சிகள். அவற்றை நான் கண்டது கடல் கடந்த நாட்டில், ஒரு நடன விழாவில். அவ்விழாவைப் பற்றியும், அக்குச்சிகள் கூறிய வரலாற்றைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பின்னர் அமெரிக்காவில் வாழும் என் மகள் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தி ஒரு வெள்ளிக்கிழமையன்று என்னிடம் வந்து, “தாத்தா, நியூயார்க்கில் மூன்று நாள் சல்சா விழா நடக்கிறது. நீங்களும் வாருங்கள்” என்றாள். நடனத்திற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நான் தயங்கினேன். “நீங்கள் வரலாற்று ஆசிரியர்தானே? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று கூறி அழைத்துச் சென்றாள். இளைஞர்கள் கூடிக் களிக்கும் வெறும் கேளிக்கை என்ற எண்ணத்தோடுதான் நான் புறப்பட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விழா ஒரு பெரிய விடுதியின் கூடங்களில் நடந்தது. பகலில் பாடம், மாலையில் மேடை நிகழ்ச்சி, இரவு முழுவதும் பொது நடனம். இம்முறை வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவு வரை நீடித்தது. வந்தவர் மணிக்கட்டில் ஒரு தாள் வளையத்தை மாட்டிவிடுகின்றனர். அஃது இருந்தால் எந்தக் கூடத்திற்குள்ளும் செல்லலாம். சனிக்கிழமை காலை, தொடக்க நிலையினர்க்குரிய வகுப்பில் என் பெயர்த்தி என்னையும் நிறுத்திவிட்டாள். எட்டு எண்ணிக்கை கொண்டது அந்நடனத்தின் அடிப்படை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று அடிகள். நான்கில் அடி இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று மீண்டும் மூன்று அடிகள். எட்டில் அடி இல்லை. எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடிகள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? இசை தொடங்கியதும் என் கால்கள் எண்ணிக்கையை மறந்துவிட்டன. வாழ்நாள் முழுதும் பிறர் பிழையைத் திருத்திய ஒருவன் வகுப்பின் கடைசி மாணவனாக நிற்பதும் ஒரு நல்ல கல்வியே.

அடுத்த கூடத்தில், இசையைப் புரிந்துகொள்வதற்கான வகுப்பு நடைபெற்றது. அங்கே போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கையில் ஒரு சாண் நீளமுள்ள, உருண்டையான, வைரம் பாய்ந்த இரு மரக்குச்சிகள் இருந்தன. ஒன்றை உள்ளங்கைக் குழிவின்மேல் கிடத்தி, மற்றொன்றால் தட்டினார். முதற் பாதியில் மூன்று தட்டு. மறு பாதியில் இரண்டு தட்டு. ஐந்து தட்டுகளும் ஒரே சீரான இடைவெளியில் அமையவில்லை. ஆயினும் அவ்வொழுங்கின்மையிலேயே ஓர் ஒழுங்கு இருந்தது. பழக்கத்தினால் என் கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. ஆனால் இரண்டாம் தட்டிலேயே தவறிற்று. இக்குச்சிகளுக்கும், அவை ஒலிக்கும் இத்தாள அமைப்புக்கும் ‘கிளாவே’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் திறவுகோல் என்றும் பொருள் உண்டு. இசைக்குழுவில் பத்துப் பேர் இருப்பினும், இருபது பேர் இருப்பினும், அனைவரும் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டே வாசித்தல் வேண்டும்.

“ஐயா, இத்தாளம் எங்கிருந்து வந்தது?” என்று அம்முதியவரை வினவினேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். “கப்பலின் அடித்தளத்திலிருந்து வந்தது” என்றார். அவ்வளவுதான் அவர் கூறியது. அவ்விடையின் பொருளை நான் உங்களுக்கு விரித்துரைக்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அடிமை வாணிகம் நடைபெற்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். கப்பல் பதிவுகளை ஆராய்ந்தோரின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் 18 இலட்சம் பேர் கரை காணாமலே வழியில் மாண்டனர். எஞ்சியோர் கையில் எப்பொருளும் இல்லை. உடைமை இல்லை, உறவு இல்லை, பெயரும் மாற்றப்பட்டது. எவராலும் பறிக்க இயலாத ஒன்று மட்டும் அவர்களிடம் இருந்தது. அது நினைவு. அந்நினைவில் தாளமும் இருந்தது.

அவர்களுள் ஒரு பெரும் தொகுதியினர் கியூபாத் தீவில் இறக்கப்பட்டனர். 1791ஆம் ஆண்டு வரை உலகின் பெரிய சர்க்கரைப் பண்ணையாக விளங்கியது, பிரான்சின் ஆட்சியில் இருந்த ஹெய்ட்டி. அவ்வாண்டு அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் விடுதலை பெற்ற நாட்டை அமைத்தனர். ஹெய்ட்டியில் சர்க்கரைத் தொழில் சரிந்ததும், அண்டைத் தீவாகிய கியூபாவில் ஸ்பானியர் கரும்பை விரித்துப் பயிரிட்டனர். ஓரிடத்து மக்கள் விலங்கை உடைத்தபோது, மற்றோரிடத்து மக்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. 1841இல் எடுத்த கணக்கின்படி கியூபாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 இலட்சம். அவர்களுள் 4 இலட்சத்து 36 ஆயிரம் பேர் அடிமைகள். 1886ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஆப்பிரிக்க மக்கள் வட அமெரிக்காவின் பண்ணைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்களுடைய முரசு பெரும்பாலும் மறைந்தது. கியூபாவில் மட்டும் நிலைபெற்றது. காரணம் யாது? 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ச்சி செய்தனர். முரசறைந்து தம்மவரை அழைத்தனர். மறு ஆண்டே அக்குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் முரசும் கொம்பும் முழக்குதல் கூடாது என்று அது விதித்தது. முரசு பேசும் என்பதை ஆள்வோர் நன்கு உணர்ந்திருந்தனர். கியூபாவிலோ, ஒரே இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள் ‘கபில்தோ’ என்னும் சங்கங்களை அமைத்துக்கொள்ள ஸ்பானிய ஆட்சி இசைவளித்தது. நோயுற்றவர்க்கு உதவுதல், இறந்தவரை அடக்கம் செய்தல், ஒருவரை விலை கொடுத்து விடுவித்தல் ஆகிய பணிகளை அச்சங்கங்கள் செய்தன. ஆண்டுதோறும் சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, அவர்கள் தத்தம் முரசுகளோடு ஹவானா வீதிகளில் ஊர்வலமாக வருவர். இது கருணையால் அளித்த உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். பல இனத்தவரையும் தனித்தனியே பிரித்துவைத்தால் ஒன்றுகூடிக் கலகம் செய்யமாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆள்வோர் போட்ட கணக்கு ஒன்று; விளைந்த பயன் வேறொன்று. அந்தச் சங்கங்களின் நிழலில் முரசு பிழைத்தது.

முரசு கிடைக்காதபோது அவர்கள் என்ன செய்தனர்? துறைமுகத்தில் சரக்கு வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் அமர்ந்து, கையால் தட்டினர். ரும்பா என்னும் இசையில் அப்பெட்டி இன்றும் இடம்பெறுகிறது. கியூபாவின் ரும்பாவை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. நான் கண்ட குச்சிகளின் கதையும் இத்தகையதே. ஹவானாவின் கப்பல் கட்டும் துறையில், பலகைகளைப் பிணைக்க வன்மரத்தாலான முளைகளைப் பயன்படுத்தினர். அம்முளைகளை ஒன்றோடொன்று தட்டியதிலிருந்தே கிளாவேக் குச்சி பிறந்தது என்பது கியூப அறிஞர் பெர்னாந்தோ ஓர்த்திஸ் (1881–1969) அவர்களின் கருத்து. கப்பலில் வந்த தாளத்திற்குக் கப்பலின் முளையே கருவியாயிற்று.

இனி, மற்றொரு பக்கத்தையும் காண்போம். இந்நடனம் ஆப்பிரிக்காவின் கொடை மட்டுமன்று. ஸ்பெயினிலிருந்து கிதாரும் பாட்டின் யாப்பும் வந்தன. ஹெய்ட்டியிலிருந்து தப்பி வந்த பிரெஞ்சுக் குடும்பத்தாரும் அவர்தம் அடிமைகளும், ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று ஆடும் ஐரோப்பிய நடனத்தைக் கிழக்குக் கியூபாவில் பரப்பினர். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் கியூபாவுக்கு வந்தனர். அவர்கள் கொணர்ந்த குழல் சாந்தியாகோ நகரத் திருவிழாவில் இன்றும் ஊதப்படுகிறது. 1879ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், மத்தான்சாஸ் நகரில் மிகெல் ஃபைல்தே என்னும் இசைஞர் ‘தன்சோன்’ என்ற புதிய நடன இசையை அரங்கேற்றினார். ஐரோப்பிய நடனத்தின் உடலில் ஆப்பிரிக்கத் தாளத்தின் உயிர் புகுந்த இசை அது. நாளேடுகள் சில அதனை ஒழுக்கக்கேடு என்று பழித்தன. காலப்போக்கில் அதுவே கியூபாவின் தேசிய நடனம் என்று போற்றப்பட்டது.

இப்பழிப்பும் போற்றலும் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம். கிழக்குக் கியூபாவின் மலைப்புறங்களில் ‘சோன்’ என்றொரு நாட்டுப்புற இசை வழங்கியது. மூன்று இரட்டைத் தந்திகள் பூட்டிய ‘த்ரெஸ்’ என்னும் கருவி, விரலால் தட்டும் ‘போங்கோ’ என்னும் இரட்டை முரசு, உலர்ந்த விதைகள் இட்ட குடுவை, இவற்றோடு கிளாவேக் குச்சி ஆகியவை அதன் கருவிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தலைநகர் ஹவானாவை அடைந்தது. கற்றோரும் செல்வரும் அதனைத் தாழ்ந்தோர் இசை என்று ஒதுக்கினர். ஆப்பிரிக்க முரசுகளை முழக்குவதற்கு அக்காலத்தில் தடைகளும் விதிக்கப்பட்டன. 1920ஆம் ஆண்டில் ‘செக்ஸ்தெத்தோ ஹபனேரோ’ என்ற அறுவர் குழு தோன்றியது. 1922இல் ஹவானாவில் வானொலி தொடங்கிற்று. இசைத்தட்டும் வானொலியும் சோன் இசையை வீடுதோறும் கொண்டுசென்றன. வாயிற்காவலர் தடுத்த இசையை வானலை தடுக்கவில்லை. வானொலியில் பேசும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

இவ்விசையை வளர்த்தவர்களுள் ஒருவரை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும். அவர் பெயர் அர்செனியோ ரொட்ரீகஸ். 1911இல் பிறந்தார். கொங்கோ நாட்டு அடிமைகளின் வழிவந்த குடும்பம். சிறு பருவத்திலேயே கண்பார்வையை இழந்தார். 1937ஆம் ஆண்டில் அவர் இயற்றிய ஒரு பாடல், விடுதலைக்கு ஏங்கும் அடிமையின் குரலாகவே அமைந்து நாடெங்கும் பரவிற்று. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் சோன் இசைக்குழுவை விரிவாக்கினார், பியானோவைச் சேர்த்தார், ஊதுகொம்புகளைப் பெருக்கினார். அனைத்துக்கும் மேலாக, நடனக் கூடங்களில் இழிவாகக் கருதப்பட்ட ‘கொங்கா’ என்னும் நெடுமுரசைக் குழுவின் நடுவே கொணர்ந்து வைத்தார். வீதியில் ஒதுங்கி நின்ற முரசு மேடை ஏறிற்று. இன்றைய சல்சாக் குழு எதனைப் பார்த்தாலும் அர்செனியோ வகுத்த அமைப்பு அதில் தெரியும். ‘வியப்புக்குரிய பார்வையற்றவர்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். அவர் 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார்.

கியூபாவில் பிறந்த இசை நியூயார்க்கில் எவ்வாறு குடிபுகுந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கா போர்ட்டோ ரிக்கோத் தீவைக் கைப்பற்றியது. 1917இல் அத்தீவினர்க்குக் குடியுரிமை வழங்கியது. வேலை தேடி அவர்கள் நியூயார்க் வந்தனர். 1960ஆம் ஆண்டளவில் அந்நகரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்ட்டோ ரிக்கோ மக்கள் வாழ்ந்தனர். கியூபாவிலிருந்தும் இசைஞர்கள் வந்தனர். 1940ஆம் ஆண்டு மச்சிட்டோ என்னும் பாடகர் அங்கே ஒரு குழுவை அமைத்தார். அவருடைய மைத்துனர் மரியோ பௌசா அதற்கு இசை இயக்குநர். குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘ஆப்பிரிக்கக் கியூபர்கள்’. நிறத்தால் மனிதரைப் பிரித்துவைத்த நாட்டில், தம் மூதாதையரின் கண்டத்தைப் பெயரில் முன்னிறுத்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும் அன்றோ!

நியூயார்க் பிராட்வே சாலையில், 53ஆம் தெருவின் முனையில், பல்லேடியம் என்றொரு நடனக் கூடம் இருந்தது. 1940களின் இறுதியிலிருந்து அங்கே மச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரொட்ரீகஸ் ஆகிய மூவரின் குழுக்களும் மாறி மாறி ‘மாம்போ’ இசைத்தன. பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் அமெரிக்காவில் வந்தது 1964ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்னரே பல்லேடியத்தில் கறுப்பரும் வெள்ளையரும், யூதரும் இத்தாலியரும், போர்ட்டோ ரிக்கோ மக்களும் ஒரே தளத்தில் ஆடினர். அங்கே ஒருவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி, நீ யார் என்பதன்று. உனக்கு ஆடத் தெரியுமா என்பதே. 1966ஆம் ஆண்டில் அக்கூடம் மூடப்பட்டது.

இதற்கிடையே அரசியல் குறுக்கிட்டது. 1959இல் கியூபாவில் புரட்சி வென்றது. 1962இல் அமெரிக்கா அந்நாட்டோடு வாணிகத்தை நிறுத்தியது. ஹவானாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்த இசையின் நீரோட்டம் தடைப்பட்டது. ஆயின், ஊற்று வற்றவில்லை. 1964ஆம் ஆண்டில், தொமினிக்கக் குடியரசில் பிறந்த இசைஞர் ஜானி பச்சேக்கோவும், ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் சேர்ந்து ‘ஃபானியா’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். தொடக்கக் காலத்தில் காரின் பின்புறப் பெட்டியில் இசைத்தட்டுகளை அடுக்கி, கடை கடையாகக் கொண்டுசென்று விற்றனர். 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 26ஆம் நாள் அந்நிறுவனக் கலைஞர்கள் நியூயார்க்கில் ஒன்றுகூடி நடத்திய இசையரங்கு படமாகவும் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. 1970களில்தான் இவ்விசைக்கும் நடனத்திற்கும் ‘சல்சா’ என்ற பெயர் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் சல்சா என்றால் உணவுக்குச் சுவைசேர்க்கும் குழம்பு. “நாங்கள் என்றோ வாசித்த கியூப இசைக்கு இன்று புதுப்பெயர் எதற்கு?” என்று கியூபாவின் இசைஞர் பலர் சினந்தனர். அவர்கள் சினத்தில் நியாயம் உண்டு. ஆனால் நியூயார்க்கின் வறிய குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர்கள் தங்கள் வாழ்வையும் அவ்விசையில் சேர்த்திருந்தனர். நியூயார்க்கில் பிறந்த வில்லி கொலோனும், பனாமாவைச் சேர்ந்த ரூபன் பிளேட்சும் 1978இல் வெளியிட்ட ‘சியெம்ப்ரா’ என்னும் இசைத்தட்டில், நகரத்துத் தெருவின் வாழ்வும் சாவும் பாட்டாயின. குழம்பு என்ற பெயர் பொருத்தமே. அதில் கலந்தவை பல.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட ஒரு செய்தியைக் கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. செலியா குரூஸ் என்னும் பாடகி 1925இல் ஹவானாவில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1960இல் இசைக்குழுவோடு வெளிநாடு சென்றவர் திரும்பவில்லை. 1962இல் அவருடைய தாயார் இறந்தார். அடக்கத்திற்குச் செல்லவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. மகிழ்ச்சியே வடிவாக மேடைதோறும் பாடிய அவர் உள்ளத்தில் அத்துயரம் நீங்காதிருந்தது. 1990ஆம் ஆண்டில், கியூப மண்ணில் அமெரிக்கரின் வசமுள்ள குவாந்தனமோ தளத்தில் பாடச் சென்றபோது, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்தார். 2003இல் அவர் மறைந்தபோது அம்மண் அவரோடு பேழையில் வைக்கப்பட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அவர் துயில்கிறார். அவரோடு அந்த ஒரு பிடிக் கியூபாவும் துயில்கிறது.

இத்துணைச் செய்திகளையும் அம்முதியவர் ஒரே நாளில் எனக்குக் கூறிவிடவில்லை. சிலவற்றை அவர் கூறினார். பலவற்றைப் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். மீண்டும் விழாவுக்கு வருவோம்.

சனிக்கிழமை இரவு பெருங்கூடத்தில் பொது நடனம் தொடங்கியது. நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். இத்தகைய விழாக்கள் இன்று உலகின் பல நகரங்களில் நடைபெறுகின்றன. 1997இல் போர்ட்டோ ரிக்கோவில் கூட்டப்பட்ட உலக சல்சா மாநாடே அவற்றுக்கு முன்னோடி என்பர். 1984ஆம் ஆண்டிலேயே ஜப்பானியர் தமக்கென ஒரு சல்சா இசைக்குழுவை அமைத்துக்கொண்டனர். ஆகையால் அக்கூடத்தில் ஜப்பானியரையும் கொரியரையும் இத்தாலியரையும் கண்டபோது நான் வியப்படையவில்லை. நான் வியந்தது அவர்கள் நடந்துகொண்ட முறையைக் கண்டு. ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர் கை நீட்டி அழைக்கின்றனர். ஒரு பாட்டு முடியும் வரை ஆடுகின்றனர். நன்றி கூறிப் பிரிகின்றனர். மொழி தெரியாத இருவர்க்கிடையே உரையாடல் முழுவதும் கைகளின் வழியே நடக்கிறது. விரலின் சிறு அழுத்தத்தால் ஒருவர் வினவுகிறார். உடலின் திருப்பத்தால் மற்றவர் விடையளிக்கிறார். அடி தவறினால் எவரும் முகம் சுளிப்பதில்லை. சிரித்துக்கொண்டே மீண்டும் தொடங்குகின்றனர். தேர்ந்த நடனக்காரி ஒருத்தி, அன்று காலைதான் பயிலத் தொடங்கிய ஒருவரோடு, அவர் அறிந்த அடிகளை மட்டுமே வைத்துப் பொறுமையாக ஆடினாள். நல்லாசிரியர்க்குரிய இலக்கணத்தை நான் அங்கே கண்டேன்.

அம்முதியவரும் ஆடினார். இளைஞர்கள் சுழன்று சுழன்று ஆட, அவரோ பெரிதும் அசையாமல், கிளாவேயின் ஐந்து தட்டுக்கும் இடையே உள்ள மௌனத்தில் கால் வைத்து ஆடினார். என் பெயர்த்தி அவரைக் காட்டி, “தாத்தா, அவர் ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் எல்லாரும் அவரைத்தான் பார்க்கிறார்கள்” என்றாள். உண்மை. எத்தனை தலைமுறையினரின் நடை அவருடைய கால்களில் இருந்தது!

மாணவ மாணவியரே, அவ்விரவில் எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதை உங்களிடம் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சொல்ல வேண்டியது என் கடமை. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரு பாடவேளைகளுக்கு இடையே மேசைமேல் விரல்களால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். மிக நுட்பமான தாளம். வகுப்பே அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தந்தையார் பறை இசைப்பவர் என்பது எனக்குத் தெரியும். “படிக்க வந்தாயா, பறையடிக்க வந்தாயா?” என்று கேட்டு, அவனை வெளியே நிற்கவைத்தேன். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவன் அழவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு அவன் தாளம் தட்டியதை எவரும் கேட்டதில்லை. ஒழுக்கத்தைக் காத்தேன் என்று நான் நினைத்திருந்தேன். தென் கரோலினாவில் 1740இல் சட்டம் இயற்றியவர்களும் ஒழுங்கைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். சுவரோர நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு அன்று அது விளங்கிற்று.

ஹெய்ட்டியின் கிளர்ச்சியை ஆண்டுதோறும் நான் கற்பித்தேன். சர்க்கரை எத்தனை டன், அடிமைகள் எத்தனை பேர், சட்டம் எந்த ஆண்டு என்று கரும்பலகையில் எழுதினேன். அம்மக்கள் மாலையில் வேலை முடிந்தபின் என்ன பாடினர், எதைத் தட்டினர் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மாணவரைக் கேட்கவைத்ததும் இல்லை. அடக்கியவரின் கணக்கேட்டில் அடக்கப்பட்டவர் வெறும் எண்ணாக இருக்கின்றனர். அவர்கள் மனிதராக இருப்பது அவர்தம் பாட்டிலும் தாளத்திலும்தான். கணக்கேட்டையும் படியுங்கள், அது வேண்டாம் என்று நான் கூறவில்லை. 4 இலட்சத்து 36 ஆயிரம் என்ற எண்ணை அறியாதவனுக்கு அந்த ஐந்து தட்டின் எடை விளங்காது. அந்த ஐந்து தட்டைக் கேளாதவனுக்கு அவ்வெண்ணின் பொருள் விளங்காது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் தொழிலாகவோ, வழிபாடாகவோ, சடங்காகவோ ஓர் இசைக்கருவியை இசைக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் சென்று மரியாதையோடு அமருங்கள். இத்தாளத்தின் பெயர் என்ன, யாரிடம் கற்றீர்கள், எப்போது எதற்காக வாசிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் கூறுவதை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவையுங்கள். நீங்கள் எழுதும் அக்குறிப்பும் ஓர் ஆவணமே.

ஞாயிறு நள்ளிரவில் விழா முடிந்தது. விடைபெறும்போது அம்முதியவர் அவ்விரு குச்சிகளையும் என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். முதல் மூன்றும் சரியாக விழுந்தன, பின்னிரண்டில் தவறினேன். அவர் என் கையைப் பிடித்து, மீண்டும் ஒருமுறை தட்டவைத்தார். இம்முறை ஐந்தும் அமைந்தன. அவர் கை வாங்கிய தாளத்தை என் கையும் சிறிது வாங்கிக்கொண்டது. ஊர் திரும்பியதும், என் பழைய மாணவனின் இருப்பிடத்தை விசாரித்து அவனுக்கு ஒரு மடல் எழுதினேன். 20 ஆண்டுகள் கழித்து ஓர் ஆசிரியன் கேட்கும் மன்னிப்புக்கு என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். மறுமொழி வந்தது. அவன் மகள் பறை பயில்கிறாளாம். அடுத்த பொங்கலுக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறான். போகத்தான் போகிறேன்.